மோரீசுத் தீவில் பன்னிரண்டு நாட்கள்

திண்டிவனத்துக் கடைத்தெருவில் மோரீஸ் என்னும் பெயரால் ஒருவகை வாழைப்பழம் விற்கப்படுவதை நம் பகுதியில் அறியாதார் இலர். ஆயின் அப்பெயர் ஒரு தீவின் பெயரென்பதை நினைப்பார் மிகச் சிலரே. இந்து மகா சமுத்திரத்தின் தென்மேற்குப் பாகத்தில், மடகாஸ்கர் தீவுக்கும் கிழக்கே, நாற்புறமும் பவளப்பாறைகள் அரண்செய்ய விளங்கும் அச்சிறு தீவுக்குக் கடந்த கோடை விடுமுறையில் சென்று பன்னிரண்டு நாட்கள் தங்கிவரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நம் கலாசாலையில் என்னோடு ஒரே வகுப்பில் பயின்ற நண்பர் ஒருவர் அத்தீவின் தலைநகராகிய போர்ட் லூயியில் ஒரு வியாபார நிலையத்தில் கணக்கராய் இருக்கின்றார். பல ஆண்டுகளாக அவர் அழைத்துவந்த அழைப்பை இவ்வாண்டுதான் ஏற்க முடிந்தது. அங்குக் கண்டவற்றை நம் பத்திரிகைக்கு எழுதுமாறு ஆசிரியர் பணித்தமையால் இதனை வரையலானேன்.

பயணத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. என் தாயாரின் பாட்டனாருக்குப் பெரிய தகப்பனார் ஒருவர் இருந்தார். 1876ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, திண்டிவனத்தை அடுத்த எங்கள் கிராமத்தினின்றும் வேலை தேடிச் சென்னைக்குச் சென்ற அவர், கப்பலேறி மோரீசுக்குப் போய்விட்டார் என்று ஊருக்குச் செய்தி வந்தது. அதன்பின் கடிதமும் இல்லை. கண்டுவந்து சொன்னவரும் இல்லை. அவர் இறந்த நாள் தெரியாமையால் ஆண்டுதோறும் மகாளய அமாவாசையன்று எங்கள் இல்லத்தில் அவருக்கென்று தனியே ஓர் இலை போட்டுப் படைப்பது வழக்கம். நான் புறப்படுங்கால் என் தாயார், "அவர் பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தாரா, அன்றிக் கேட்பாரற்று மாண்டாரா என்பதை மட்டும் விசாரித்துக்கொண்டு வா, தம்பி" என்றார்.

விழுப்புரத்தில் ரெயிலேறிச் சென்னை சேர்ந்து, அங்கிருந்து பம்பாய் வழியாக ஆகாய விமானத்திற் சென்றேன். அந்நாட்களில் பாய்க்கப்பலில் பல வாரங்கள் அலையில் உழன்று கடந்த கடலை நாம் இன்று ஒரு பகற்பொழுதினுள் கடந்துவிடுகின்றோம். தீவின் தென்கிழக்கில் விமானம் இறங்க, வடமேற்கிலுள்ள போர்ட் லூயிக்கு மோட்டாரிற் சென்றோம். வழியெங்கும் கரும்பு, ஆளுயரத்தையும் கடந்து நின்ற கரும்பு. முண்டியம்பாக்கம் ஆலைக்கு வண்டி வண்டியாய்க் கரும்பு செல்வதைச் சிறுவயது முதற் கண்டு வளர்ந்த எனக்கு அது அயல்நாடாகவே தோன்றவில்லை. தீவின் பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். நம் விழுப்புரம் மாவட்டத்தினும் சிறியது. ஜனத்தொகை ஏறக்குறைய பன்னிரண்டரை லட்சம்.

போர்ட் லூயி நகரம் கடலுக்கும் மலைக்கும் இடையே அமைந்தது. முன்னே துறைமுகம், பின்னே அரைவட்டமாய் எழுந்து நிற்கும் எரிமலைக் குன்றுகள். அவற்றுள் ஒன்று நிமிர்த்திய கட்டைவிரல் போன்றிருத்தலின் 'பெருவிரல்' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் பெற்றது. மற்றொன்றாகிய பீட்டர் போத் சிகரத்தின் உச்சியில் மனிதத் தலை போன்ற ஒரு பெரும்பாறை எக்கணமும் உருண்டு விழும்போல் நிற்கின்றது. செஞ்சி மலையில் பாறைமேற் பாறை பொருந்தி நிற்கும் காட்சியைக் கண்டவர்க்கு இதன் அழகு எளிதில் விளங்கும். துறைமுகத்தின் எதிரே இருபுறமும் பனையின மரங்கள் நிற்கும் அகன்ற வீதி. அதன் கோடியில் 1738ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கிய அரசாங்க மாளிகை. சிறிது தூரத்தே 1812 முதல் குதிரைப் பந்தயம் நடைபெற்றுவரும் மைதானமும், குன்றின்மேல் ஆங்கிலேயர் கட்டிய கோட்டையும் உள்ளன. அக்கோட்டையின்மேல் நின்று நோக்கின் மசூதியின் விதானங்களும், கிறிஸ்தவ ஆலயக் கோபுரங்களும், சீனர் கடைவீதியும், கப்பல்களும் ஒருங்கே தோன்றும்.

அவ்வீதியின் தலைப்பில், கடலை நோக்கி ஒரு பிரெஞ்சு தேசாதிபதியின் சிலை நிற்கின்றது. அவரே லபுர்தொனே. அப்பெயரை நான் முன்னமே அறிவேன். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர் எவரும் அறிவர். 1735இல் இத்தீவுக்குத் தேசாதிபதியாய் வந்து, சதுப்பும் காடுமாய்க் கிடந்த கரையைத் துறைமுகமாக்கிய இவரே, 1746இல் இங்கிருந்து கப்பற்படையொடு சோழமண்டலக் கரைக்கு வந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தவர். 1750இல் பிரெஞ்சுக்காரர் செஞ்சியைக் கைக்கொண்டதும், 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்றதும், அடுத்த ஆண்டில் புதுச்சேரியை இழந்ததும் நம் பள்ளிப் பாடங்களில் வருவன. நம் ஊர்களைச் சுற்றி நடந்த அப்போர்களுக்குக் கப்பலும் ஆளும் வந்து சேர்ந்த இடைவழித் துறை இந்தப் போர்ட் லூயியே. செஞ்சிக் கோட்டையிலிருந்து பார்த்தால் நமக்கு ஒரு பாதி தெரியும். மற்றப் பாதியைப் போர்ட் லூயியில் நின்றுதான் காண வேண்டும்.

லபுர்தொனே இத்துறைமுகத்தைக் கட்டுவதற்குப் புதுச்சேரிப் பக்கத்தினின்றும் கொத்தர், தச்சர் முதலிய தமிழ்த் தொழிலாளரை வரவழைத்தார். அவர் வழியினர் நகரின் கீழ்ப்பாகத்தில் தமக்கென ஒரு சேரி அமைத்து வாழ்ந்தனர். அது 'மலபாரிகள் முகாம்' எனப்பட்டது. அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்றே வழங்கினர். விரும்பி வந்தவரோடு, நம் கரையினின்றும் அடிமைகளாக விற்கப்பட்டு வந்தவரும் இருந்தனர். வருத்தத்துக்குரிய மற்றொரு செய்தியும் உண்டு. செல்வரான தமிழருள் சிலர் தாமே அடிமைகளை உடையவராய் இருந்தனர். முன்னோர் பெருமையை மட்டும் பேசிப் பழகிய நாம் இதனையும் சேர்த்தே அறிதல் நன்று. 1810 டிசம்பரில் ஆங்கிலேயர் இத்தீவைப் பிடித்தபோது அவர் படையிலும் சென்னைச் சிப்பாய்கள் இருந்தனர்.

மறுநாட் காலை நண்பருடன் நகரச் சந்தைக்குச் சென்றேன். அத்தீவில் நான் கண்ட காட்சிகள் யாவற்றிலும் என்னை மிக மகிழ்வித்தது அச்சந்தையே. அங்கே கூடை வைத்திருந்த அம்மையார் ஒருவர் முருங்கைக் கீரைக் கட்டைக் காட்டி "ப்ரேத் மூரூம்" என்றார். 'ப்ரேத்' என்பது கீரை. 'மூரூம்' என்பது நம் முருங்கை. பீர்க்கங்காயை எடுத்து "பிபங்காய்" என்றார். கறிவேப்பிலைக்கு அங்கே "காரி பூலே" என்று பெயர். ரசம் "ராசோன்" ஆகிவிட்டது. அவர் தமிழ் வமிசத்தவர் அல்லர். ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர். பிரெஞ்சு மொழியினின்றும் பிறந்த கிரியோல் மொழியே அவர் அறிந்தது. நான் அச்சொற்கள் தமிழென்று நண்பர் வாயிலாகச் சொன்னபோது அவர் நகைத்து, தம் பாட்டியாரும் அவ்வாறே சொல்வார், அது தங்கள் சொல்லே என்று விடையிறுத்தார். அவர் கூறியதும் உண்மையே. நாற்றாய் வந்த முருங்கை அம்மண்ணில் வேர்கொண்டதுபோல அதன் பெயரும் வேர்கொண்டது. தமிழர் இல்லங்களில் விசேஷ நாட்களில் வாழையிலையிட்டு ஏழு கறி பரிமாறுவர். கடலைப் பருப்பரைத்துப் பச்சை மிளகாய் சேர்த்துப் பொரிக்கும் 'மிளகாய்ப் பலகாரம்' தெருத்தோறும் விற்கின்றது. தின்று பார்த்தால் நம் மசால் வடைக்கு உடன்பிறந்ததென்பது தெரியும்.

இனிச் சுற்றுப்புறங்களைப் பற்றிச் சில கூறுவேன். நகருக்கு வடக்கே பாம்பிள்முஸ் என்னுமிடத்திலுள்ள தாவர நந்தவனம் உலகப் பிரசித்தி பெற்றது. டச்சுக்காரர் வேலியிட்டுக் காத்திருந்த ஜாதிக்காய், கிராம்பு ஆகியவற்றின் நாற்றுகளைக் கீழ்நாட்டுத் தீவுகளினின்றும் கவர்ந்து கொணர்வித்து இங்கே பயிராக்கியவர் பியேர் புவாவர் என்னும் பிரெஞ்சுக்காரர். அங்கே ஒரு தடாகத்தில் தாம்பாளம் போல் விளிம்பு நிமிர்ந்த பேரிலைகளையுடைய அல்லி மிதக்கின்றது. தாளிப்பனைகளும் உள. பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை உச்சியிற் பூத்துக் காய்த்து, பின் பட்டுப்போவது அம்மரத்தின் இயல்பு. மேற்கே 'தமரேன்' என்றொரு கடற்கரை. புளியமரத்தின் பெயரே அதன் பெயர். திந்திரிணி வனமாகிய புளியங்காடே திண்டிவனம் ஆயிற்றென்று கேட்டு வளர்ந்தவனாகிய நான் அங்கே சற்று அதிகமாகவே நின்றேன். அவ்விடத்தில் கருங்கல் வரம்பிட்ட பழைய உப்பளப் பாத்திகளைக் கண்டபோது மரக்காணத்து உப்பளங்கள் நினைவுக்கு வந்தன. சாமரேலின் ஏழு வண்ண மண்மேடும் நீர்வீழ்ச்சியும், ஓடிப்போன அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த லெ மோர்ன் மலையும் தென்மேற்கில் உள்ளன. பறக்கவியலாத டோடோ என்னும் பறவை உலகில் வேறெங்குமின்றி இத்தீவில் மட்டுமே வாழ்ந்தது. 1598இல் டச்சுக்காரர் கரையிறங்கிய பின் நூறாண்டுக்குள் அது அடியோடு ஒழிந்தது. கடலும் இன்னல் தப்பியதன்று. 2020 ஜூலையில் 'வகாஷியோ' என்னும் கப்பல் தென்கிழக்குப் பவளப்பாறையில் ஏறி எண்ணெய் கசிந்தபோது, ஜனங்கள் கரும்புச் சோகையைச் சாக்கிலும் துணியிலும் திணித்து மிதப்பரண் செய்து கரையைக் காக்க முயன்றனர் என்று நண்பர் கூறினார்.

வழியெல்லாம் கரும்புக் கொல்லைகளின் நடுவே கோயிற் பீடம்போலக் கருங்கற் குவியல்கள் நிற்கக் கண்டு, இவை யாவையென வினவினேன். எரிமலைத் தீவாதலின் நிலமெங்கும் பாறைத்துண்டுகள். அவற்றைக் கையாற் பொறுக்கி அடுக்கிய பின்னரே அங்கே கரும்பு நட முடிந்தது. பெயரெழுதா நடுகற்கள் போல் அவை எனக்குத் தோன்றின.

அக்கற்களை அடுக்கியவருள் பெரும்பாலோர் வந்திறங்கிய இடம் போர்ட் லூயித் துறைமுகத்தின் ஓரத்திலேயே இருக்கின்றது. முன்பு 'கூலி காட்' எனப்பட்ட அவ்விடம் இப்பொழுது 'ஆப்பிரவாசி காட்' என வழங்குகின்றது. புலம்பெயர்ந்தோர் துறை என்பது பொருள். 1835 பிப்ரவரியில் அத்தீவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னரே, 1834 நவம்பர் 2ஆம் நாள், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய 'அட்லஸ்' என்னும் கப்பல் வந்து சேர்ந்தது. அடிமைகளுக்குப் பதிலாகச் சுதந்திரத் தொழிலாளரைக் கொண்டு கரும்பு பயிரிட இயலுமா என்று ஆங்கில அரசாங்கம் நடத்திய பெருஞ்சோதனை அது. அச்சோதனையின் பயனாக வந்தவர் ஏறக்குறைய நாலரை லட்சம் பேர். கல்கத்தா வழியாய் வந்தோர் மிகப் பலர். அடுத்தபடி சென்னை வழியாய் வந்தோர். பம்பாய் வழியாய் வந்தோர் சிலர். 1849இல் அமைந்த அவ்விடுதியின் சில கட்டடங்களே இன்று எஞ்சியுள்ளன. 2006ஆம் ஆண்டு அது உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்றது. நவம்பர் 2ஆம் நாள் அந்நாட்டில் பொது விடுமுறை.

படகிலிருந்து இறங்குவோர் ஏறிச்சென்ற பதினாறு கற்படிகள் அங்கே உள்ளன. அவை தாஜ் மகாலைப் போல் வியக்கத்தக்கன அல்ல. நம் ஊர்க் குளக்கரைப் படிகள் எவ்வளவோ, அவ்வளவே. ஆனால் அவற்றின்மேல் கால்வைத்தோர் அத்தீவின் இன்றைய ஜனங்களுள் மிகப் பலருடைய முன்னோர் ஆவர். படியேறியபின் இரண்டு நாள் வைத்திருந்து, பதிவு செய்து, எண் கொடுத்து, தோட்டங்களுக்கு அனுப்புவர். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். ஆடவர்க்கு மாதச் சம்பளம் ஐந்து ரூபாய். உணவும் உடையும் தனி. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் ஒருநாள் வேலைக்கு வாராவிடின் இரண்டு நாட் கூலி பிடிக்கப்படும். 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின், ஒப்பந்தம் முடிந்தவர்கூடத் தம் படம் ஒட்டிய அனுமதிச் சீட்டின்றி வெளியே நடமாடின் நாடோடியென்று பிடிக்கப்பட்டனர். 1871இல் அடால்ப் தெ பிளெவிட்ஸ் என்னும் ஐரோப்பியர் இக்கொடுமைகளை விவரித்து ஆயிரக்கணக்கான கூலிகளின் கையொப்பத்துடன் விண்ணப்பம் அனுப்ப, இங்கிலாந்திலிருந்து விசாரணைக் குழு வந்தது. 1901இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் காந்தியடிகளும் இத்தீவிற் சில நாள் தங்கிக் குழந்தைகளைப் படிக்க வையுங்கள் என்று அவர்களுக்கு உரைத்தார்.

அவ்வாறு பதியப்பட்ட புத்தகங்கள் மோகா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்திற் பாதுகாக்கப்படுகின்றன. வந்தவர் பெயர், தந்தை பெயர், வயது, உயரம், ஜாதி, ஊர், உடலிலுள்ள அடையாளம், கப்பலின் பெயர் ஆகியவற்றை அவற்றில் எழுதியிருக்கின்றனர். 1860களுக்குப் பின் வந்தோர் பலருடைய படங்களும் உள்ளன. என் தாயாரின் வேண்டுகோளை அங்கிருந்த அலுவலரிடம் தெரிவித்தேன். அவர் மிக்க பொறுமையுடன் கேட்டு, "எண் தெரியுமா?" என்றார். தெரியாது. "கப்பலின் பெயர்?" தெரியாது. "தந்தையின் பெயர்?" அதனையும் எங்கள் குடும்பத்தார் மறந்து மூன்று தலைமுறை ஆயிற்று. எங்களிடம் எஞ்சியது ஒரே பெயர். தெருவுக்குப் பத்துப் பேர் தாங்கியிருக்கும் பெயர். பஞ்ச காலத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஆற்காட்டுப் பகுதியினின்றும் வந்தவருள் அப்பெயரினர் மூவர் இருந்தனர். ஒருவர் இரண்டாண்டுக்குள் வைத்தியசாலையில் இறந்தார். ஒருவர் ஒப்பந்தம் முடிந்து சென்னைக்குக் கப்பலேறினார். ஆனால் வீடு வந்து சேர்ந்தாரா என்பதைப் புத்தகம் சொல்லாது. மூன்றாமவர் ஐந்தடி மூன்றங்குல உயரமும் இடது முழங்காலில் தழும்பும் உடையவர். மணம் புரிந்து, ஒரு துண்டு நிலம் வாங்கி, அங்கேயே வாழ்ந்தார். மூவருள் எவர் எம்மவர் என்று துணிய வழியில்லை. ஊர் திரும்பியபின் என் தாயாரிடம் மூவர் வரலாற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "அப்படியானால் இனிமேல் மூன்று இலையாகப் போடுவோம்" என்றார்.

அங்குள்ள தமிழர் நிலையையும் ஈண்டுக் கூறல் வேண்டும். தமிழ் அவர்தம் இல்லங்களிற் பேசப்படுவது அரிது. பள்ளியில் விருப்பப் பாடமாகப் பயில்கின்றனர். கோயிற் பாடல்களை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவோர் பலர். பதிவுக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தவாறு எழுதிய பெயர்களே குடும்பப் பெயர்களாய் நிலைத்துவிட்டன. ஆயினும் நகருக்கருகேயுள்ள சொக்கலிங்க மீனாட்சியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை மாலை கண்ட கூட்டம், மொழி மறந்தும் மரபு மறவாத கூட்டம். தைப்பூசக் காவடி அந்நாட்டில் அரசாங்க விடுமுறை. பணத்தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழும், அதன்பின் ஹிந்தியும் பொறிக்கப்பட்டுள்ளன. 1998இல் அவ்வரிசையை மாற்றி அச்சிட்ட தாள்களைத் தமிழர் எதிர்ப்புக்குப்பின் அரசாங்கம் திரும்பப் பெற்றது. தமிழில் ஒரு வாக்கியம் பேச வல்லாத முதியவர் ஒருவர், அத்தாளை என்னிடம் காட்டி, நம் எழுத்தின்மேல் விரல்வைத்து நின்றார். நாமோ நம் எழுத்து அச்சிட்டிருப்பதைப் பாராமலே பஸ் சீட்டை வாங்கிக் கசக்கி எறிகின்றோம்.

இப்பயணத்தினின்றும் நான் கருதியது ஒன்றுண்டு. அதனை நம் மாணவருக்கு விண்ணப்பமாகச் சொல்லி முடிக்கின்றேன். கடலுக்கு அப்பால் நம்மவரைப் பற்றிய ஏடு இருக்கின்றது. ஊர், உயரம், தழும்பு வரை இருக்கின்றது. கடலுக்கு இப்பால், அவரைப் பற்றி நாம் எழுதி வைத்த ஏடு ஒன்றும் இல்லை. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி, மரக்காணம் ஆகிய வட்டாரங்களில் மோரீசுக்கும், ரெயூனியனுக்கும், நெட்டாலுக்கும், பினாங்குக்கும் போனவரைப் பற்றிய பேச்சு இன்னும் சில கிழவிகள் வாயில் உயிரோடிருக்கின்றது. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரை அணுகி, போனவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், ஊர்ப் பெயர், போன ஆண்டு ஆகிய நான்கையும் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவரின், நம் கலாசாலைப் புத்தகசாலையில் அவற்றைச் சேர்த்து வைத்தல் அரிதன்று. அதற்குப் பணம் வேண்டுவதில்லை, பாண்டித்தியமும் வேண்டுவதில்லை. அந்நான்கனுள் ஒன்று மட்டும் கூடுதலாகத் தெரிந்திருந்தால், அந்த மூவருள் ஒருவரை எம்மவரென்று நான் கண்டுகொண்டிருப்பேன். அங்கே தம் முன்னோரின் ஊர் எதுவென்று தேடிக்கொண்டிருப்போர் பலர். அவர்களுள் எவரேனும் ஒருநாள் திண்டிவனம் ரெயில் நிலையத்தில் இறங்கி விசாரிப்பாராயின், விடை சொல்வதற்கு நம்மிடமும் ஓர் ஏடு இருத்தல் வேண்டும்.